உயர்த்திய பிக்கப்பில் கறள் தின்ற கபின் மவுண்டுகள்: கழற்றுவதில் இருந்து பூசுவது வரை

ஸ்குரூடிரைவரின் நுனியை விட்டுக் கிளறினேன். முதலில் கடல் மணல் கொட்டியது. அதன் பின்னால் இறுகிப்போன கிரவல் கட்டி ஒன்று. கடைசியாக, நகத்தளவு மீன் செதில் ஒன்று விழுந்து என் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பிக்கப் முல்லைத்தீவில் மீன் ஏற்றுவதை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முள்ளியவளையில் என் கைக்கு வந்த பிறகு அது நெல்மூட்டைதான் ஏற்றியது. ஆனாலும் கபினைத் தாங்கும் றப்பருக்குக் கீழே இருந்த இரும்புக் கிண்ணம் அத்தனை காலமும் உப்பைப் பொத்தி வைத்திருந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஸ்குரூடிரைவர் மறுபக்கம் போய்விட்டது.

அதற்கு ஆறு மாதம் முன்னர்தான் ஒரு கராஜில் அதே மவுண்டுக்குப் புது றப்பர் போட்டுத் தந்திருந்தார்கள். கிண்ணத்தின் மேல் கறுப்புப் பெயின்ட் பளபளத்தது; கறளைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசிய பெயின்ட். கபின் மவுண்டில் றப்பர் மாற்றுவது அரை நாள் வேலை. றப்பருக்குக் கீழே இருக்கும் இரும்பைச் சரிசெய்ய மிச்சம் நாலு நாள் பிடிக்கும். பலர் அந்த நாலு நாளைத்தான் விட்டுவிடுகிறார்கள். இந்த வழிகாட்டி அந்த நாலு நாளைப் பற்றியது.

ஹைலக்ஸ், எல் 200, டி-மேக்ஸ் போன்ற பிக்கப்புகளில் கபின் வேறு, செசி வேறு. ஏணி போல நீண்டு கிடக்கும் செசியின் இரு பக்கத்திலும் சிறு கைகள் நீட்டி நிற்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் துளையிட்ட ஒரு கிண்ணம். கிண்ணத்துக்கு மேலே ஒரு றப்பர், கீழே இன்னொரு றப்பர், இரண்டையும் ஊடுருவி ஓர் இரும்புக் குழாய்த்துண்டு, அதற்குள் போல்ட். அந்தப் போல்ட் கபின் தரைக்குள் நிரந்தரமாகப் பொருத்தப்பட்ட நட்டில் போய்ப் பூட்டிக்கொள்ளும். மாதிரியைப் பொறுத்து ஒரு கபினுக்கு ஆறு, எட்டு, பத்து மவுண்டுகள் வரை இருக்கும். பின்பெட்டி, ஜப்பான் பிக்கப்புகள் பலவற்றில், றப்பர் இல்லாமல் நேராகவே செசியில் பூட்டப்பட்டிருக்கும்.

வன்னியில் இந்த இடத்துக்கு எல்லாத் திசையில் இருந்தும் அடி. ஆனையிறவு உப்பளத்தைக் கடக்கும் காற்று, நாயாறு, கொக்கிளாய்க் கரைகளில் சக்கரம் அள்ளி வீசும் மணல், மீன்பெட்டியில் இருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர். ஒக்டோபரில் மாரி தொடங்கினால் ஜனவரி வரை கிண்ணங்கள் காயாது. கோடையில் கிரவல் தூசு அந்த ஈரத்துக்கு மூடி போட்டுவிடும். போர் முடிந்த பின் முள்ளிவாய்க்கால் மணலில் குவிந்து கிடந்த வாகனங்களைப் பார்த்தவர்களுக்கு, உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வேறு வண்டி வாங்குவதும் எளிதல்ல. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அதற்குப் பிறகும் விலையைக் கேட்டுவிட்டு வந்து பழையதையே திருத்துகிறோம்.

எப்படி உயர்த்தியிருக்கிறார்கள்?

கீழே படுப்பதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். உயர்த்துவதில் இரண்டு வகை. ஸ்பிரிங்கையும் ஷொக்கையும் மாற்றினால் செசியும் கபினும் சேர்ந்தே உயரும். மவுண்டுகள் பழைய இடத்தில்தான் இருக்கும். இரண்டாவது வகை பொடி லிஃப்ட். மவுண்டுக்கும் கபினுக்கும் நடுவே கட்டை வைத்து, நீளமான போல்ட் போட்டு, கபினை மட்டும் தூக்குவது. உங்கள் வண்டியில் செசிக்கும் கபினுக்கும் நடுவே கை நுழையும் அளவு வெளிச்சம் தெரிந்தால் அது இரண்டாவது வகை.

பொடி லிஃப்டால் கறள் வராது. ஆனால் கறள் பிடித்த மவுண்டை அது வேகமாகக் கொன்றுவிடும். கட்டை இல்லாதபோது போல்ட்டின் மேல் வளைக்கும் விசை குறைவு. 50 மி.மீ. கட்டை வைத்ததும் கபினின் பாரம் அத்தனை உயரத்தில் நின்று, ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒவ்வொரு குழிக்கும் போல்ட்டை நெம்புகோலாகப் பிடித்து ஆட்டுகிறது. ஆரோக்கியமான கிண்ணம் அதைத் தாங்கும். அரைவாசி தின்ற கிண்ணம் தாங்காது.

இடையில் ஒன்று. வெள்ளத்தில் போவதற்காக உயர்த்தினேன் என்று சொல்பவர்களை நான் நிறையச் சந்தித்திருக்கிறேன். கபினைத் தூக்கினால் அச்சின் நடுவே தொங்கும் டிஃபரன்ஷியல் ஓர் அங்குலமும் உயராது. எஞ்சினும் செசியோடு பழைய இடத்திலேயே இருக்கும். வயல் வரம்பில் தட்டுவது வண்டியின் அடிப்பகுதிதான், கபின் அல்ல. பெரிய டயர் போட இடம் கிடைக்கும், அவ்வளவுதான் பயன். என் பிக்கப்பில் மவுண்டுகளைத் திருத்தியபோது கட்டைகளையும் எடுத்துவிட்டேன். நீங்கள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. யோசிப்பதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று மட்டும் சொல்கிறேன்.

நோயைக் கண்டுபிடிப்பது

முதலில் கதவுகள் சொல்லும். கதவின் பின் விளிம்பு தாழ்ந்து, பூட்டில் உரசி, தூக்கி மூட வேண்டி வந்தால் கீல் தேய்ந்திருக்கலாம். கீலில் ஆட்டம் இல்லை என்றால் சந்தேகம் மவுண்டுக்குத் திரும்ப வேண்டும். கபினுக்கும் பின்பெட்டிக்கும் நடுவே உள்ள இடைவெளியை மேலேயும் கீழேயும் இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு பக்கம் குறுகியிருந்தால் கபின் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. குழியில் விழும்போது காலடியில் 'டொக்' என்று ஒரு சத்தம், கியர் நெம்புகோல் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பது, இவையும் அடையாளங்கள்.

பிறகு கீழே போங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுச் சிறு சுத்தியலால் ஒவ்வொரு கையையும் தட்டுங்கள். நல்ல இரும்பு கோயில் மணியின் தூரத்துத் தம்பி போல ஒலிக்கும். கறள் அடுக்கடுக்காய்ப் பிரிந்த இரும்பு, ஈர மண்பானையைத் தட்டியது போல மொத்தென்று சொல்லும். மொத்தென்ற இடத்தில் கூர்மையான ஸ்குரூடிரைவரை வைத்துப் பலமாக அழுத்துங்கள். ஓட்டை விழுந்துவிடுமே என்று தயங்க வேண்டாம்; விழுந்தால் அங்கே ஏற்கெனவே இரும்பு இல்லை என்றுதான் பொருள். ஒரு நீண்ட கம்பியைச் செசிக்கும் கபினுக்கும் நடுவே கொடுத்து மெதுவாக நெம்புங்கள். றப்பர் அமுங்கி மீள வேண்டும். உலோகம் அசைந்தால் கிண்ணமோ கபின் தரையோ போய்விட்டது.

பின்பக்க மவுண்டுகளைத் தனியாகக் கவனியுங்கள். பின்பெட்டியில் இருந்து ஒழுகும் தண்ணீர் நேராக அங்கேதான் இறங்கும். மீன் ஏற்றிய வண்டிகளில் முன் மவுண்டுகள் புதிது போல இருந்து, பின் இரண்டும் கரைந்து போயிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

செசியின் முதன்மைக் குழாயே, அதாவது கைகள் ஒட்டியிருக்கும் நீண்ட பெட்டி இரும்பே ஓட்டையாகியிருந்தால், அதுவும் ஸ்பிரிங் தாங்கும் இடத்துக்கு அருகில் என்றால், இந்த வழிகாட்டியை மூடி வையுங்கள். அது வீட்டு முற்றத்து வேலை அல்ல. செசி வேலை தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.

அளந்து, படம் எடுத்து, நிறுத்துதல்

ஒரு போல்ட்டையும் தொடுவதற்கு முன், கதவு இடைவெளிகள், கபின் – பெட்டி இடைவெளி, முன் பம்பருக்கும் மட்காட்டுக்கும் நடுவே உள்ள தூரம் எல்லாவற்றையும் மி.மீட்டரில் எழுதி வையுங்கள். ஒட்டுநாடாவை ஒட்டி அதன் மேலேயே எழுதினால் தாள் தொலையாது. ஒவ்வொரு மவுண்டையும் படம் எடுங்கள். சில இடங்களில் கிண்ணத்தின் மேல் மெல்லிய தகடு ஒன்று வைத்திருப்பார்கள்; தொழிற்சாலை உயரம் சரிசெய்த தகடு அது. எந்தத் தகடு எந்த மவுண்டில் இருந்தது என்று தெரியாமல் போனால் பின்னர் கதவோடு ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டும்.

உயர்த்திய வண்டி என்பதால் அதைத் தாங்கி நிறுத்தும் ஸ்டாண்டும் உயரமாக வேண்டும். எங்கள் பக்கம் சீமெந்துக் கல்லை அடுக்கி வண்டியை நிறுத்தும் பழக்கம் உண்டு. செய்யாதீர்கள். சீமெந்துக் கல் உடைவதற்கு முன் எச்சரிக்கை தராது. மணல் முற்றம் என்றால் ஸ்டாண்டின் காலுக்குக் கீழே தடித்த பலகை போடுங்கள். ஸ்டாண்டைச் செசியின் கீழ் வையுங்கள், சக்கரத்துக்கு ஆப்பு வையுங்கள், ஜக்கை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள். கபினைத் தூக்க ஜக்கும் கபின் தரையும் நேராக முட்டக் கூடாது. தரைத் தகடு குழிந்துவிடும். நான் நடுவே ஒரு முழ நீள முதிரைக் கட்டை வைத்தேன். பாலை மரமும் நல்லது. மென்மரம் நசுங்கும்.

பற்றரியின் எதிர்மின் (−) முனையைக் கழற்றுங்கள். காற்றுப்பை உள்ள வண்டி என்றால் அதன் பிறகு சில நிமிடங்கள் காத்திருங்கள்.

போல்ட்: பாதி யுத்தம்

வேலையின் மிகக் கடினமான பகுதி இது. நூற்றுக்கணக்கான ரூபாய் பெறுமதியான ஒரு போல்ட் இரண்டு நாளைத் தின்றுவிடும்.

மூன்று நாள் முன்னரே ஊறவைக்கத் தொடங்குங்கள். கறள் இளக்கும் எண்ணெயைக் காலையும் மாலையும் போல்ட்டின் அடியிலும், இயலுமானால் கபின் உள்ளே கம்பளத்தை மடித்து மேலிருந்தும் விடுங்கள். பல வண்டிகளில் கம்பளத்துக்குக் கீழே, மவுண்டுக்கு நேர் மேலே, ஒரு றப்பர் மூடி இருக்கும். அதைத் திறந்தால் நட் தெரியும். அசிற்றோனும் ஓட்டோமற்றிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்து பயன்படுத்துபவர்களும் உண்டு. நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது பெற்றோல் போலப் பற்றும். அதைப் பூசிய இடத்துக்கு அன்றைக்கு நெருப்பு கொண்டுபோகக் கூடாது.

கழற்றும்போது ஒரே மூச்சில் திருப்பாதீர்கள். கால் சுற்று இளக்கி, மீண்டும் கொஞ்சம் இறுக்கி, எண்ணெய் விட்டு, மீண்டும் இளக்குங்கள். ஆறு பக்கமும் பற்றும் சொக்கெட்டைப் போடுங்கள். பன்னிரண்டு பக்கச் சொக்கெட் கறள் பிடித்த தலையை உருட்டிவிடும். சுற்றுவது இளகாமல் பஞ்சு போல வளைந்து கொடுத்தால் நிறுத்துங்கள். அது போல்ட் இளகுவதல்ல, முறுக்கிக்கொண்டிருக்கிறது. அடுத்த கால் சுற்றில் முறியும்.

மூன்று விதமாகச் சிக்கல் வரும்.

போல்ட் குழாய்த்துண்டோடு கறளால் ஒட்டிக்கொண்டு, றப்பரும் சேர்ந்து சுற்றும். அப்போது நட்டோடு சண்டை பிடிக்க வேண்டாம். றப்பரைக் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, மெல்லிய வெட்டுத்தட்டால் போல்ட்டையும் குழாயையும் சேர்த்தே அறுத்துவிடுங்கள். இரண்டும் எப்படியும் புதிதாக வாங்க வேண்டியவை.

போல்ட்டின் தலை முறிந்து தண்டு நட்டுக்குள் மிஞ்சும். கொஞ்சமாவது வெளியே நீட்டியிருந்தால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் செய்யுங்கள். அந்தச் சூட்டிலேயே கறள் விடும். ஆறுவதற்கு முன் திருப்பினால் பெரும்பாலும் வரும். நீட்டாவிட்டால் நடுவில் புள்ளி குத்தி, சின்னத் துளையில் தொடங்கிப் படிப்படியாகத் துளைக்க வேண்டும்.

மூன்றாவதுதான் தலைவலி: கபின் தரைக்குள் இருக்கும் நட் தன் கூட்டை உடைத்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். மேலே மூடி இல்லாத மவுண்ட் என்றால் தரையைத் திறக்க வேண்டியதுதான். கம்பளத்தையும் ஒலித்தடுப்பையும் எடுத்துவிட்டு, மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீலாக வைத்து ஜன்னல் போல மடியுங்கள். நட்டைப் பிடித்துக் கழற்றிய பின், 3 மி.மீ. தகட்டில் புது நட்டை வெல்டிங்கால் ஒட்டி உள்ளே வைத்து, ஜன்னலை மடித்து மூடி ஒட்டி, மேலே சீலர் பூசலாம். தரை வெட்டுவதற்கு முன், அந்த இடத்துக்குக் கீழே வயர் கட்டோ பிரேக் குழாயோ எரிபொருள் குழாயோ போகிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். நான் தடவாமல் வெட்டினேன். பின்விளக்குக்கான வயர் ஒன்று போனது. அதிர்ஷ்டம், அது வயர்.

சூடு காட்டுவது பற்றி: வாயு விளக்கால் நட்டைச் சூடாக்கினால் இளகும் என்பது உண்மை. ஆனால் பக்கத்தில் றப்பர், மேலே கம்பளம், செசியோரம் எரிபொருள் குழாய். கம்பளத்தை எடுத்து, ஈரச் சாக்கு போட்டு, வாளியில் தண்ணீரோடு ஓர் ஆள் அருகில் நிற்க வேண்டும். தனியாகச் செய்யக் கூடாத வேலை.

கபினைத் தூக்குதல்

ஒரே நேரத்தில் எல்லா மவுண்டையும் கழற்றக் கூடாது. ஒரு பக்கத்தின் போல்ட்டுகளைக் கழற்றி, மறுபக்கத்தின் போல்ட்டுகளைச் சில சுற்று இளக்கி மட்டும் விடுங்கள். அப்படிச் செய்தால் கபின் கீலில் திறக்கும் கதவு போலச் சாயும், பக்கவாட்டில் நழுவாது.

தூக்குவதற்கு முன் எது எது இழுபடும் என்று பாருங்கள்: கபினையும் செசியையும் இணைக்கும் எர்த் வயர், ஸ்டியரிங் தண்டின் மூட்டு, ரேடியேட்டர் காற்றாடியைச் சுற்றியுள்ள கூடு, ரேடியேட்டர் குழாய்கள், கைப்பிரேக் கேபிள், கியர் நெம்புகோலின் றப்பர் உறை, முன் பம்பர். பழைய றப்பரை உருவி எடுக்க இரண்டு மூன்று செ.மீ. தூக்கினால் போதும். கட்டை வைத்து உயர்த்திய வண்டிகளில் இந்த இணைப்புகள் ஏற்கெனவே கடைசி வரை இழுபட்டு நிற்கும். இரண்டு செ.மீ.கூடத் தராத எர்த் வயரைப் பார்த்திருக்கிறேன்.

தேய்ப்பதா, வெட்டுவதா

றப்பர் வெளியே வந்ததும் கிண்ணத்தைச் சுத்தமாக்குங்கள். அடுக்குக் கறளை உளியால் கொத்தி எடுத்து, பிறகு கிரைண்டரில் கம்பிச் சக்கரம் போட்டுத் தேய்க்க வேண்டும். கண்ணுக்குக் கவசம் கட்டாயம். அந்தச் சக்கரத்தில் இருந்து பறக்கும் கம்பி ஊசி போலக் குத்தும்.

இரும்பு வெளுத்த பின் தெரிவது மேலெழுந்தவாரியான கறளும் சிறு குழிகளும் மட்டும் என்றால், கறள் மாற்றியைப் பூசி, பிரைமரும் பெயின்டும் அடித்து, புது றப்பரோடு பூட்டலாம். கறள் மாற்றி என்பது பொஸ்போரிக் அமிலமோ டனின் என்ற துவர்ப்புப் பொருளின் கலவையோதான். அது மிஞ்சிய மெல்லிய கறளை நிலையான கறுப்புப் படலமாக மாற்றும். இல்லாத இரும்பை அது உண்டாக்காது. செதில் செதிலாக நிற்கும் கறளின் மேல் அதைப் பூசுவது காய்ச்சல்காரனுக்குப் பவுடர் பூசுவதுதான்.

சுத்தியலின் கூர்ப்பக்கம் உள்ளே இறங்கினாலோ, துளையைச் சுற்றிய விளிம்பு கத்தி போல மெலிந்திருந்தாலோ, வெட்டுங்கள். கறளுக்கு மேலே தகடு வைத்து ஒட்டுவது எங்கள் பக்கத்து வழக்கமான வைத்தியம். அது இரண்டு தகட்டுக்கு நடுவே ஈரத்துக்கு ஒரு வீடு கட்டிக் கொடுக்கிறது. ஒரு மாரி தாங்கும், இரண்டாவது மாரியில் புதுத் தகடும் சேர்ந்து போகும்.

புதுக் கிண்ணம்

சில மாதிரிகளுக்கு ஆயத்தமாகச் செய்த கிண்ணங்கள் கிடைக்கின்றன. கிடைக்காவிட்டால் செய்வது கடினமல்ல, பொறுமைதான் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நல்ல கிண்ணம் இருந்தால் அதை அளவாக எடுங்கள். வலமும் இடமும் கண்ணாடிப் பிம்பம் என்பதை மறக்காதீர்கள். பிஸ்கட் பெட்டி அட்டையில் வார்ப்பு வெட்டி, மடித்து, வைத்துப் பார்த்து, பிறகுதான் இரும்பில் வெட்ட வேண்டும். இரும்பு 3 முதல் 4 மி.மீ. கறுப்புத் தகடு. அதற்கு மேல் தடிப்பாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது தவறு. மிகத் தடித்த தகடு, பக்கத்தில் இருக்கும் மெல்லிய செசியைத்தான் விரிசல் விடச் செய்யும். வேலிக்கு வாங்கிய, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு, குழாய் எதையும் பயன்படுத்தாதீர்கள். நாகப் பூச்சை வெல்ட் செய்யும்போது எழும் வெள்ளைப் புகை அன்றிரவே குளிரும் காய்ச்சலும் தரும்.

உயரம்தான் உயிர். கிண்ணம் 3 மி.மீ. தாழ்ந்தால் கதவில் தெரியும். பழைய கிண்ணத்தை வெட்டும் முன், செசியின் மேல் விளிம்பில் இருந்து கிண்ணத்தின் மட்டம் எவ்வளவு, துளையின் மையம் செசியில் இருந்து எவ்வளவு என்று இரண்டு தடவை அளந்து சுவரில் எழுதினேன். அதன் பிறகும் அளவை முழுதாக நம்பவில்லை. புதுக் கிண்ணத்தைப் புது றப்பர், போல்ட் எல்லாம் போட்டுக் கபினோடு மெதுவாகப் பூட்டி, மற்ற மவுண்டுகளையும் சேர்த்து, கதவு இடைவெளியைப் பார்த்தேன். அது சரியாக நின்ற பிறகே செசியோடு நாலு புள்ளி மட்டும் ஒட்டினேன். பின்னர் றப்பரைக் கழற்றிவிட்டு முழு வெல்டிங். றப்பர் உள்ளே இருக்கும்போது முழுதாக ஒட்டினால் புது றப்பர் கருகும்.

கிண்ணத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் 10 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். என் வண்டியில் மணலையும் செதிலையும் பிடித்து வைத்தது வடிகால் அடைபட்டதுதான். இந்த ஒரு துளைக்காகவே புதுக் கிண்ணம் பழையதை விட நீண்ட காலம் இருக்கும்.

வெல்டிங்

பற்றரி கழற்றியது நினைவிருக்கட்டும். ஓல்டனேற்றர் வயரையும் எஞ்சின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் இணைப்பையும் கழற்றுவது நல்லது. எர்த் பிடியை ஒட்டும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள், தேய்த்து வெளுத்த இரும்பில் போடுங்கள். பிடி தூரத்தில் இருந்தால் மின்சாரம் பெயரிங்குகளுக்குள் வழி தேடும். எரிபொருள் தாங்கியும் குழாய்களும் அருகில் இருந்தால் இறக்கி வையுங்கள். ஒட்டும் இடத்தைப் பிரேக் கிளீனரால் துடைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர்களின் ஆவி வெல்டிங் சுடரில் நச்சு வாயுவாக மாறும்.

3 மி.மீ. தகட்டுக்கு 2.5 மி.மீ. தடிப்புள்ள 6013 ரக வெல்டிங் குச்சி, 70 முதல் 90 அம்பியர். குச்சிக்குப் பதில் கம்பியை ஊட்டி ஒட்டும் மிக் இயந்திரம் இருந்தால் இன்னும் சுத்தமாக வரும். ஓர் அங்குலம் ஒட்டி, எதிர்ப்பக்கம் போய் ஓர் அங்குலம் ஒட்டி, ஆறவிட்டுத் திரும்புங்கள். ஒரே ஓட்டமாக ஒட்டினால் கிண்ணம் சூட்டில் இழுபட்டு, நீங்கள் அளந்த உயரம் போய்விடும். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. இரும்பு நொறுங்கும் தன்மை பெறும்.

செசியில் ஒட்டும்போது ஒரு விதி உண்டு. மேலிருந்து கீழாக, செசியைக் குறுக்கே வெட்டியது போல நேர்க்கோட்டில் வெல்டிங் போடாதீர்கள். செசி வளையும்போது விரிசல் அந்தக் கோட்டில்தான் ஓடும். தாங்குத் தகட்டின் முனைகளை வைரக் கல் போலச் சரிவாக வெட்டி, வெல்டிங் கோடு சாய்ந்து போகும்படி செய்யுங்கள். செசியின் மேல், கீழ் விளிம்புகளில் வெல்டிங்கைத் தவிருங்கள்.

செசி இலக்கம் எங்கே பொறித்திருக்கிறது என்று முன்னரே தேடி வையுங்கள். பல ஜப்பான் பிக்கப்புகளில் வலது முன் சக்கரத்தருகே செசியில் இருக்கும். அதன் மேல் கிரைண்டர் பட்டால், வண்டியை விற்கும் நாளில் நீங்கள் யாருக்கும் விளக்கிப் புரியவைக்க முடியாது.

கபின் தரையின் அடிப்பக்கமும் தின்றிருந்தால் அது வேறு வேலை. அங்கே தகடு ஒரு மி.மீ. அளவுதான். ஆர்க் குச்சி வைத்தால் ஓட்டை பெருகிக்கொண்டே போகும். மிக் வெல்டிங் உள்ள பட்டறையில் கொடுங்கள். உள்ளங்கையை விட அகலமான 1.5 மி.மீ. தகடு வைத்து, பாரம் பரந்து இறங்கும்படி ஒட்டச் சொல்லுங்கள்.

றப்பரும் கட்டையும்

மேல் றப்பரும் கீழ் றப்பரும் ஒன்றல்ல; முன் மவுண்டின் றப்பரும் பின் மவுண்டின் றப்பரும் கடினத்தில் வேறுபடலாம். இலக்கம் பார்த்து வாங்கி, இடம் மாறாமல் போடுங்கள். ஒன்று போயிருந்தால் அதன் இணையையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பொலியூரெத்தேன் நீடிக்கும், ஆனால் கிரவல் வீதியின் ஒவ்வொரு கல்லையும் உங்கள் முதுகுக்கு அறிவிக்கும். பழைய லொறி டயரை வட்டமாக வெட்டிப் போடுவதும் நடக்கிறது. போர்க்காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊர், எதையும் வைத்துச் சமாளிப்போம் என்பது எனக்கும் பெருமைதான். ஆனால் டயருக்குள் நூலும் கம்பியும் அடுக்காக இருக்கின்றன. அது ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் அமுங்காது.

இரும்புக் குழாய்த்துண்டை விட்டுவிடாதீர்கள். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் றப்பர் ஓரளவுக்கு மேல் நசுங்காமல் காப்பது அதுதான். அது இல்லாத மவுண்டில் றப்பர் பிதுங்கிக் கிழிந்து, போல்ட் தானாக இளகும்.

லிஃப்ட் கட்டைகளைத் திரும்பப் போடுவதாக இருந்தால் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தண்ணீர்க் குழாய்த் துண்டு, அடுக்கிய வாஷர், மரத்துண்டு, இவை லிஃப்ட் கட்டைகள் அல்ல. போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்ற தர இலக்கம் இருக்க வேண்டும். பழைய போல்ட்டின் தரத்துக்குக் குறையக் கூடாது. நீளம், பழைய போல்ட்டின் நீளத்தோடு கட்டையின் உயரத்தைக் கூட்டிய அளவு. இரும்புக் கம்பியை வெட்டி மரை போட்டுத் தரும் கடைகள் உண்டு. வேலிக்கு அது போதும், கபினுக்குப் போதாது.

பூட்டுதல்

றப்பரை நுழைக்கச் சவர்க்காரத் தண்ணீர் போதும். கிறீஸோ எஞ்சின் எண்ணெயோ தடவ வேண்டாம். இயற்கை றப்பர் அதில் ஊதிப் பதம் கெடும். போல்ட்டின் தண்டில் மட்டும், குழாய்க்குள் ஒட்டாமல் இருக்க, செப்புக் கிறீஸ் மெல்லியதாகப் பூசலாம்.

எல்லாப் போல்ட்டையும் முதலில் கையால் சில சுற்று ஏற்றிவிட்டுத்தான் கபினை இறக்க வேண்டும். ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததைத் தேடினால் துளை நேராக வராது. வண்டி சக்கரத்தில் நின்ற பிறகு, கையேட்டில் உள்ள அளவுக்கு எல்லாவற்றையும் சமமாக இறுக்குங்கள். றப்பர் அமுங்கி வந்து, வாஷர் குழாய்த்துண்டைத் தொட்டதும் இறுக்கும் சாவி திடீரென்று கனக்கும். அந்தக் கனம் வராமல் சுற்றிக்கொண்டே போனால் எங்கோ நட் சுற்றுகிறது, அல்லது குழாய் இல்லை. இறுக்கிய பின் போல்ட் தலைக்கும் வாஷருக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போடுங்கள்.

எஞ்சினைத் தொடங்குமுன் காற்றாடியைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். எல்லாக் கியரும் விழுகிறதா, எர்த் வயர் திரும்பப் பூட்டியாயிற்றா. பிறகு ஒட்டுநாடாவில் எழுதிய அளவுகளோடு ஒப்பிடுங்கள்.

பூச்சும் கழுவலும்

வெல்டிங் முடிந்த அன்றே பிரைமர் பூசுங்கள். கடலோரத்தில் வெளுத்த இரும்பு ஓர் இரவில் சிவந்துவிடும். நாகம் கலந்த பிரைமர், அதன் மேல் செசிப் பெயின்ட். றப்பரில் படக் கூடாது. சோளகம் வீசும் மாதங்களில் பெயின்ட் அடித்தால் பாதி வன்னி அதில் வந்து ஒட்டும். காற்று விழுந்த அதிகாலையில் அடியுங்கள். வெல்டிங் சூட்டில் செசிக்குள்ளும் பழைய பூச்சு கருகியிருக்கும். நீண்ட குழாய் பூட்டிய தெளிப்பானால் துளைகள் வழியாக உள்ளே மெழுகுப் பூச்சு அடித்தால்தான் வேலை முழுமை. இந்த வேலையைப் பெப்ரவரிக்கும் செப்டெம்பருக்கும் நடுவே வைத்துக்கொள்ளுங்கள். மாரிக்கு முன் பூச்சு காய வேண்டும்.

செசிக்குக் கழிவு எண்ணெய் தெளிக்கும் வழக்கம் எங்கும் இருக்கிறது. அது கறளைக் கொஞ்சம் தடுப்பது உண்மை. அதே எண்ணெய் புது மவுண்டின் றப்பரை ஊதவைக்கும், மிச்சம் முற்றத்தில் சொட்டிக் கிணற்றுக்குப் போகும். நான் நிறுத்திவிட்டேன்.

கடற்கரைக்கோ உப்பளப் பக்கமோ போய் வந்தால் அன்றே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கரையோரக் கிணறுகள் சில உவர். அந்தத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவது. வடிகால் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுத் துழாவுங்கள். மீன் ஏற்றுபவர்கள் பெட்டியின் வடிகாலில் ஒரு குழாய் பூட்டி, ஐஸ் தண்ணீரைப் பின் அச்சுக்கு அப்பால் கொண்டுபோய் விட வேண்டும். ஒரு மீற்றர் தோட்டக் குழாயும் ஒரு பிடிவளையமும் போதும்.

500 கிலோமீற்றர் ஓடிய பின் மீண்டும் கீழே படுத்து வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். புது றப்பர் அமரும்போது ஒன்றிரண்டு போல்ட் இளகும். என் வண்டியில் பின் இடது கோடு கால் சுற்று விலகி இருந்தது. இறுக்கி, பழைய கோட்டைச் சுரண்டிவிட்டுப் புதுக் கோடு போட்டேன்.